ஏற்காடு மலைப்பாதைக்கு எந்த பல்ப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார்த்திகை பிறந்து ஏற்காட்டில் பனி இறங்கத் தொடங்கிவிட்டால், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை முகப்பு விளக்கைப் பற்றியவையாகவே இருக்கின்றன. சேலம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக வாகன மின்வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கார் எட்டு வருடப் பழையது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் இருட்டிய பிறகு சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஹெட்லைட் வெளிச்சம் மெழுகுவத்தி போல் மங்கிவிட்டது. உதிரிபாகக் கடையில் கேட்டதற்கு, “100/90 பல்ப் போடுங்கள், பகல் போல இருக்கும்” என்கிறார்கள். போடலாமா?
வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம் ஐயா. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

தங்கள் வண்டியில் இருப்பது ஹெச்4 என்ற வகை ஆலசன் பல்பு. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். கடைக்காரர் சொல்லும் 100/90 என்பது பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90 வாட். வண்டியைத் தயாரித்தவர்கள் ஒயரின் தடிமன், ஃபியூஸ், சுவிட்ச், பல்புக்குப் பின்னால் செருகும் கப்ளர், டூம் எனப்படும் விளக்குக் கூட்டுக்குள் இருக்கும் வெள்ளிப்பூச்சு ஆகிய அனைத்தையும் அந்த 60 வாட்டைக் கணக்கில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும் என்றால், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரிலும் இணைப்புகளிலும் உண்டாகும் சூடு ஆம்பியருக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. எனவே 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் போட்டால் அதே ஒயரில் சூடு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிவிடும்.

வேலை கற்றுக்கொண்டு சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கிய புதிதில், எனக்கும் இந்த 100/90 ஆசை வந்தது. போட்ட அன்று இரவு கோரிமேட்டைத் தாண்டியதும் சாலை பளிச்சென்று தெரிந்தது. மனம் பூரித்துப் போனேன். மூன்றாவது வாரம், குடும்பத்துடன் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, வண்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறை, முன்னால் ஒன்றுமே இல்லாத கருமை. பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். பின்னால் வேகமாக வந்த வண்டி எதுவும் இல்லாததால்தான் இன்று இதை எழுதுகிறேன். மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது, வெள்ளையாக இருந்த கப்ளர் பழுப்பு நிறமாகி, மெழுகு போல் உருகிப் பல்பின் மூன்று கால்களோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் சுரண்டித்தான் பிரிக்க முடிந்தது. டூமுக்குள் வெள்ளிப்பூச்சு பல்புக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கருத்திருந்தது. அந்த டூம் அதற்குப் பிறகு எந்தப் பல்பைப் போட்டும் பழைய வெளிச்சத்தைத் தரவில்லை.

சரி, மங்கலுக்கு என்னதான் வழி என்று கேட்பீர்கள். புது பல்பு வாங்குவதற்கு முன், பழைய பல்புக்கு உரிய மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, விளக்கைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அதே மீட்டரைப் பல்பின் கப்ளரில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் 12, சிலவற்றில் பதினொன்றரை கூடக் காட்டுவதுண்டு. இடையில் காணாமற்போன இரண்டு வோல்ட் எங்கே போனது? சுவிட்சின் தேய்ந்த முனையிலும், பச்சைக் களிம்பு ஏறிய கப்ளரிலும், எர்த் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கும் துருப்பிடித்த எர்த் போல்ட்டிலும் சூடாகக் கரைந்துவிட்டது. ஆலசன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும் தன்மையுடையது. 13.2 வோல்ட்டில் ஒரு பல்பு தரும் வெளிச்சத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் அது 72 அளவுக்கும், 11.5 வோல்ட்டில் 63 அளவுக்கும் இறங்கிவிடும். தங்கள் வண்டியின் மங்கலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, திரும்ப இறுக்குங்கள். கப்ளர் பழுப்பேறியிருந்தால் வெப்பம் தாங்கும் செராமிக் கப்ளர் வாங்கி மாற்றுங்கள். அதன் பிறகும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் போட்ட தனி ஒயரிங் செய்துகொள்ளலாம். அதாவது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே பல்புக்கு மின்சாரம் போகும். பழைய ஒயர் ரிலேவை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். சுவிட்சுக்கும் ஆயுள் கூடும். ஆனால் விளக்கைக் கணினிப் பெட்டி வழியாக இயக்கும் புதிய வண்டிகளில் இந்த ஒயரை வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யவே கூடாது. தங்களுடைய பழைய வண்டிக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆயினும் ஒயரிங் படம் பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, டூமின் முகப்பு. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எட்டு வருட வெயிலில் அதன் மேற்பூச்சு போய் மஞ்சள் பூத்திருக்கும். 1000, 2000, 3000 எண் கொண்ட தண்ணீர் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, இறுதியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சையும் பூச வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சைத் தவிர்த்தால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகிவிடும். பற்பசை வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தான்; நாலு நாளைக்குப் பளபளக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று தோன்றினால், அதே 60/55 வாட்டில் “+100”, “+130” என்று அச்சிட்டு வரும் உயர்தர ஆலசன் பல்புகளை வாங்குங்கள். அந்த எண்ணைப் பார்த்து இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வருமென்று எண்ண வேண்டாம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, ஒளிக்கற்றையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் கிடைக்கும் கூடுதலைத்தான் அது குறிக்கிறது. இழையை நுணுக்கமாகச் சுற்றி அதிகச் சூட்டில் எரிய விடுவதால் இவற்றின் ஆயுள் சாதாரண பல்பைவிடக் குறைவு. வாரம் இரண்டு நாள் மலை இறங்கும் தங்களுக்கு அந்தச் செலவு நியாயமானதுதான். நீலச் சாயம் பூசிய ஆலசன் பல்பை மட்டும் வாங்காதீர்கள். அந்தச் சாயம் வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, மிச்சத்தை வெளுப்பாகக் காட்டுகிறது.

கேள்வி: இணையத்தில் பார்த்து ஒரு ஜோடி எல்இடி பல்பு வாங்கி, ஆலசன் பல்பு இருந்த இடத்தில் மாட்டினேன். பெட்டியில் வெளிச்சம் 20,000 லூமன், ஒளியின் நிறம் 6000 கெல்வின் என்று போட்டிருந்தது. வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தபோது தெருவே வெளுத்துப்போனது. ஆனால் ஆத்தூர் சாலையில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் டிம் அடிக்கச் சொல்லி விளக்கைச் சிமிட்டுகிறார்கள். நான் போட்டிருப்பதே டிம்தான்! ஏற்காட்டில் பனி வந்தால் எனக்கே முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. எங்கே தவறு?
வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: எதிரே வருகிறவர்கள் சொல்வது உண்மை. தாங்கள் டிம்மில் போட்டாலும் அவர்கள் கண்ணுக்கு அது பிரைட்தான்.

ஒரு பழைய ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகளில் முன்னால் இருக்கும் டிம் இழைக்கு அடியில், ஒரு சிறு கரண்டி போன்ற உலோகத் தகடு இருக்கும். அந்தத் தகடு, இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைக்கிறது. அதனால் டூமின் மேற்பாதியில் மட்டுமே வெளிச்சம் பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே சாய்கிறது. அந்தத் தகட்டின் ஓரம்தான் சுவரில் நாம் பார்க்கும் கத்தி வெட்டு போன்ற கோட்டை உண்டாக்குகிறது. அதன் ஒரு பக்கச் சாய்வுதான் நம் சாலையின் இடது ஓரத்தை மட்டும் சற்று உயர்த்திக் காட்டுகிறது. இழை இருக்க வேண்டிய இடம் மில்லிமீட்டருக்கும் குறைவான பிசகுக்குள் வரையறுக்கப்பட்டது. டூமின் வளைவு முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியை நம்பிக் கணக்கிடப்பட்டது.

எல்இடி பல்பில் அந்த மெல்லிய இழை இல்லை. ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள் இருக்கின்றன. அவற்றின் அகலம் வேறு, இருக்கும் இடம் வேறு, வெளிச்சம் விரியும் திசை வேறு. எத்தனை ஆயிரம் லூமன் ஆனாலும், டூம் அதைத் தவறான இடங்களுக்கு எறிகிறது. தங்கள் வாசலில் தெரு வெளுத்ததும், எதிரே வருகிறவர் கண் கூசுவதும் ஒரே காரணத்தால்தான். பெட்டியில் போட்ட எண்ணையும் நம்ப வேண்டாம். சாதாரண ஹெச்4 பல்பு டிம்மில் தருவது 1000 லூமன், பிரைட்டில் 1650 லூமன். அதை வைத்துக்கொண்டுதான் நன்றாக அமைந்த டூம் ஒரு மலைப்பாதையைக் காட்டிக்கொடுக்கிறது.

தங்களுக்கு முன்னால் தெரியும் வெள்ளைச் சுவர், சிதறி மேலே போன வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் தங்கள் கண்ணுக்கே திரும்பி வருவது. கூடவே வண்டிக்கு மிக அருகில் உள்ள சாலை அளவுக்கு மீறி வெளுத்துவிடுவதால், கண்ணின் பாவை சுருங்கித் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது. வெளிச்சம் கூடிவிட்டதாக மனம் மகிழ்கிறது, பார்வை தூரமோ குறைந்துவிடுகிறது. எனக்கு இதில்தான் மிகுந்த கவலை, ஏனென்றால் ஓட்டுகிறவருக்குத் தன் பார்வை குறைந்திருப்பதே தெரிவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன் விளக்கின் ஒளிக்கற்றை நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்றும், 8 மீட்டர் தொலைவில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதரின் கண் உயரம். சாலையோரம் நடந்து வருகிற ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் பேசுகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் இந்தக் கேள்வி எழும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தயாரிப்பிலேயே எல்இடி வைத்து வரும் வண்டிகளின் விளக்கு நல்லதுதான், அவற்றின் டூமே அந்தச் சில்லுகளுக்காக அமைக்கப்பட்டது. தங்கள் டூம் அப்படியல்ல. பழைய ஆலசன் பல்புகளை எறிந்துவிடவில்லை என்றால், இன்று மாலையே திரும்ப மாட்டிவிடுங்கள். எல்இடியின் விசிறி இடிக்கிறது என்று பின்மூடியான ரப்பரைக் கடைக்காரர் வெட்டியிருந்தால், அதையும் புதிதாக மாற்றுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் மழைத் தண்ணீர் உள்ளே போகும்.

கேள்வி: ஏற்காட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பனிக்கு மஞ்சள் விளக்குதான் துளைத்துக்கொண்டு போகும் என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஃபாக் லைட்டில் மஞ்சள் பல்பு மாற்றட்டுமா?
வாசகர், ஏற்காடு ஏரி அருகிலிருந்து

பதில்: மாற்றலாம் தம்பி, தவறில்லை. ஆனால் துளைத்துக்கொண்டு போவதால் அல்ல. பனித்துளி என்பது ஒளியின் அலைநீளத்தைவிடப் பத்து, இருபது மடங்கு பெரியது. அந்த அளவுள்ள துளி, மஞ்சளோ வெள்ளையோ எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளால் கிடைக்கும் நன்மை வேறு. வெளிச்சத்திலிருந்து நீலம் நீங்கிவிடுவதால், திரும்பி வரும் கூச்சம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நீண்ட நேரம் ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு பெரிய ஆறுதல். பிரான்சு நாட்டில் 1993 வரை எல்லாக் கார்களிலும் முகப்பு விளக்கே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

பனியில் உண்மையாக உதவுவது விளக்கு அமைந்திருக்கும் இடம்தான். ஃபாக் லைட் பம்பரின் அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. அதன் கற்றை விசிறி போல அகலமாகவும், மேல் ஓரம் வெட்டியது போலவும் இருக்கும். பனித்திரைக்கு அடியில் புகுந்து சாலையின் வெள்ளைக் கோட்டையும் தடுப்புச் சுவரின் அடிப்பாகத்தையும் காட்டுவதுதான் அதன் வேலை. தூரத்தைக் காட்டுவது அதன் வேலை இல்லை. வெளிச்சம் போதவில்லை என்று திருகைத் திருப்பிக் கற்றையை மேலே தூக்கி வைத்தீர்களானால், அது ஃபாக் லைட்டாக இருப்பதை நிறுத்திவிடும். மேல் வளைவுகளில் பனி கெட்டியாக இருக்கும்போது பிரைட்டை முற்றிலும் அணைத்துவிட்டு, டிம்மும் ஃபாக் லைட்டும் மட்டும் போட்டு ஓட்டுங்கள். அடிவாரத்துக்கு இறங்கிப் பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிட வேண்டும்.

பல்பு வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள். ஹெச்11 என்பது 55 வாட், ஹெச்8 என்பது 35 வாட், ஹெச்16 என்பது 19 வாட். அடிப்பாகம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால், சற்றுச் சுரண்டினால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 19 வாட்டுக்கு வார்த்த சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் 55 வாட்டை எரிய விட்டால் அந்தக் கூடு வெந்து சுருங்கிவிடும். கழற்றிய பல்பின் அடியில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்து, அதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் டிம் எரியவில்லை. பிரைட் எரிகிறது. மெக்கானிக்கிடம் போனால் அரை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பல்பை நானே மாற்ற முடியுமா? கல்லூரிப் பேராசிரியை, கருவிகள் எதுவும் என்னிடம் இல்லை.
வாசகி, ஆத்தூர்

பதில்: நிச்சயமாக முடியும் அம்மா. பல வண்டிகளில் இதற்குக் கருவியே தேவையில்லை. டிம் இழை மட்டும் அறுந்திருக்கிறது என்பதைத் தங்கள் கேள்வியே சொல்லிவிட்டது.

விளக்கை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆற விடுங்கள். எரிந்த பல்பு தோலைப் பொசுக்கிவிடும். பானெட்டைத் திறந்தால் டூமின் முதுகில் ஒரு கருப்பு ரப்பர் மூடியும், அதன் நடுவில் மூன்று ஒயர்கள் வந்து சேரும் கப்ளரும் தெரியும். கப்ளரைப் பிடித்து நேராகப் பின்னுக்கு இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வருடக்கணக்கில் இறுகிப்போயிருந்தால் மேலும் கீழுமாகச் சற்று ஆட்டினால் வந்துவிடும். பிறகு ரப்பர் மூடியை அதன் காதைப் பிடித்து உரியுங்கள். உள்ளே ஊக்கு போன்ற ஒரு கம்பி ஸ்பிரிங் பல்பை அழுத்திக்கொண்டிருக்கும். அதன் முனையை உள்ளே அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். பழைய பல்பை நேராக வெளியே எடுங்கள்.

புதுப் பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் உண்டு. மேலே இருக்கும் ஒன்று மற்ற இரண்டையும்விட அகலம். எனவே அது ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்த வேண்டாம், சிறிது திருப்பிப் பாருங்கள். சரியான இடத்தில் தானாகவே அமிழும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை மட்டும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் முதல் முறை கால் மணி நேரம் பிடிக்கலாம். கைபேசியில் முன்கூட்டியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பிரிங்கை மாட்டி, ரப்பர் மூடியில் மேல்பக்கம் என்று அடையாளமிட்ட பகுதி மேலே வரும்படி சுற்றிலும் விரலால் அழுத்தி, கடைசியில் கப்ளரைச் செருகுங்கள்.

பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம். அது குவார்ட்ஸ், நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் எரியும். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் தனியாகச் சூடேறிக் கண்ணாடி வெளுத்து, சீக்கிரமே வெடித்துவிடும். தவறித் தொட்டுவிட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டால் போதும். மற்ற பக்கத்துப் பல்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயது உடையவை, அதுவும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: பல்பு மாற்றியபின் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை எப்படிச் சரிபார்ப்பது?
வாசகர், ஓமலூர்

பதில்: இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்டதற்காக மகிழ்கிறேன். பல்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், காசே செலவாகாத இந்த வேலையைச் செய்வதில்லை.

சமதளமான இடத்தில் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். தரையிலிருந்து விளக்கின் மையம் எத்தனை உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டூமின் மேலோ பானெட்டின் அடியிலோ ஒட்டிய சீட்டில் 1% என்றோ 1.2% என்றோ ஓர் எண் இருக்கும். 1% என்றால் 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறக்கம். டிம்மைப் போட்டால், வெளிச்சத்தின் மேல் ஓரம் சாக்பீஸ் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இடப்பக்கம் அந்த ஓரம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து எழும். அது வலப்பக்கம் எழுந்தால், வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான டூமை யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எதிரே வருகிறவர் முகத்தில் அது நேராக அடிக்கும், அதை உடனே மாற்றுங்கள்.

இந்தச் சிறு இறக்கத்தின் மதிப்பைப் பாருங்கள். விளக்கு 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 1% இறக்கத்தில் அதன் வெளிச்சம் 70 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். விளக்கின் சாய்வைச் சரிசெய்யும் திருகு தளர்ந்து 2% ஆகிவிட்டால் 35 மீட்டரிலேயே முடிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 35 மீட்டர் என்பது இரண்டு வினாடிதான். அவரிடம் “பல்பு மங்கல்” என்று சொல்லிக் கடைக்காரர் புதிய பல்பை விற்றுவிடுவார். குறை இருந்ததோ ஒரு திருகில்.

ஸ்டியரிங்குக்கு அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம் பல வண்டிகளில் உண்டு. எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று நினைத்து 3-இல் வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். எண் கூடக் கூட ஒளிக்கற்றை கீழே இறங்கும். ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0. பின்னால் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமான்களும் இருந்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், அப்போதுதான் எண்ணைக் கூட்ட வேண்டும். சுவரில் பார்க்கும்போது அந்தச் சக்கரம் 0-இல் இருக்கட்டும்.

கேள்வி: மழைக்குப் பின் ஹெட்லைட்டுக்குள் நீராவி படிகிறது. டூமை மாற்ற வேண்டுமா?
வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: மெல்லிய பனித்திரை போலப் படிந்து, விளக்கைப் போட்ட அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். டூமுக்கு மூச்சுத் துளைகள் உண்டு. ஏற்காட்டின் குளிரில் நின்ற வண்டிக்கு இது இயல்பு. சொட்டாகத் திரண்டு அடியில் தேங்கினால், பின்மூடி ரப்பரையும் முகப்பு ஒட்டியிருக்கும் விளிம்பையும் பார்த்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள். தேங்கிய தண்ணீர் வெள்ளிப்பூச்சை அரித்துவிடும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல்பு போய்விடுகிறது. விலை உயர்ந்த பல்பு வாங்கியும் பயனில்லை.
வாசகர், மேட்டூர்

பதில்: இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சோதியுங்கள். எஞ்சினைச் சற்று வேகமாக ஓட விட்டு அளக்கும்போது பேட்டரியில் 15 வோல்ட்டை நெருங்கினாலோ தாண்டினாலோ, எந்தப் பல்பும் நீண்ட நாள் உழைக்காது; பேட்டரித் தண்ணீரும் வேகமாக வற்றும். ஒரே பக்கம் மட்டும் போனால், பல்பை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்து அதிர்கிறதா, டூமின் பிடிமானக் காது உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிப் பல்புகளும் உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைத்தால் ஐயப்படுங்கள். உலோக வளையத்தில் வகை, வோல்ட், வாட், வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மலைக்குப் போகும்போது மாற்றுப் பல்பு எடுத்துப் போக வேண்டுமா? எங்கே வைப்பது?
வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில், இரவில் பல்பு போனால் கடை தேட முடியாது. முகப்பு விளக்குக்கு ஒரு பல்பு, 10 ஆம்பியர், 15 ஆம்பியர் ஃபியூஸ்கள் இரண்டிரண்டு, நெற்றியில் மாட்டும் ஒரு சிறு டார்ச் ஆகியவை போதும். பல்பை அதன் பெட்டியோடு ஒரு பழைய கால் உறைக்குள் சுற்றி, டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். டிக்கியில் ஜாக்கியோடும் ஸ்பேனரோடும் போட்டு வைத்த பல்பு, தேவைப்படும் அன்று உடைந்துதான் கிடக்கும். மலை ஏறுவதற்கு முன், அடிவாரத்தில் வண்டியை ஓரம் நிறுத்தி, டிம், பிரைட், ஃபாக் லைட், பின்விளக்கு எல்லாவற்றையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். முகப்பைத் துணியால் துடைத்தும்விடுங்கள்.